அனாதை ரேக்கில் ஒரு பெட்டி

ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நானாகவே நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். எனக்கு இருமல். இருமினால் அப்பா எழுந்துவிடுவார் என்று தலையணையில் வாயைப் புதைத்து இருமுகிறேன். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுவதால் வரிகள் கோணலாகப் போகின்றன.

உன் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்பது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அப்பாவின் போனில் பேசினால் பட்டியலில் எண் நின்றுவிடும். அதனால் பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள ஸ்டேஷனரி கடை அக்காவிடம் கெஞ்சி, கடிதம் போடவும் வாங்கி வைக்கவும் சம்மதம் வாங்கியிருக்கிறேன். "லவ் லெட்டர் இல்லையே?" என்றார். "எங்க அண்ணனுக்குக்கா" என்றேன். "சொந்த அண்ணனுக்கு யாருடி ஒளிஞ்சு எழுதுவா?" என்றார்.

விஷயம் இதுதான். அம்மா கடைசியாகத் தைத்த ஆந்தை பொம்மைகள் தொலைந்துவிட்டன. முப்பத்தாறையும் ஒரே பெட்டியில் வைத்துப் பச்சை டேப் ஒட்டி, ஆன்லைன் கம்பெனியின் கிடங்குக்கு அப்பா அனுப்பினார். நீ வேலை பார்க்கும் அதே கிடங்குதான். ஆன்லைனில் விற்பவர்கள் எல்லாரும் அங்கேதானே அனுப்ப வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டரில் 'பெட்டி வந்து சேர்ந்தது' என்று காட்டுகிறது. அதற்குக் கீழே, எண்ணிக்கை என்ற இடத்தில் பூஜ்யம்.

அப்பாவுக்குக் கோபம்கூட வரவில்லை. "தொலைச்சா நஷ்டஈடு குடுப்பாங்க. துணி பில்லையெல்லாம் ஏத்தி விண்ணப்பம் போட்டுடு" என்றார். கம்ப்யூட்டர் வேலை இப்போதும் என் தலையில்தான்.

எனக்கு நஷ்டஈடு வேண்டாம் அண்ணா. அம்மா தைத்ததில் ஒன்றுகூட வீட்டில் மிச்சமில்லை. நீ கிளம்பிய அன்று அப்பா வாசலிலேயே உன் பையைத் திறந்து, நீ எடுத்து வைத்திருந்த ஆந்தையை "இது விக்கிற சாமான், திருட்டுப் பயலே" என்று பிடுங்கினாரே, அதுவும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

கொஞ்சம் தேடிப் பார்ப்பாயா? நான் கேட்டது யாருக்கும் தெரிய வேண்டாம்.

உன் பதில் வரும்வரை தூங்காத,
ஆந்தை


ஜூன் 20

என் அருமை ஆந்தைக்கு,

இருமல் போயிற்றா? வெந்நீர் குடி. தலையணையில் இருமாதே, மூச்சு முட்டும். நான் சுகமாக இருக்கிறேன், மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். நீ கேட்பதற்கு முன்பே எழுதிவிட்டேன் பார். போனை விற்றுவிட்டேன். கிடங்குக்குள் போன் விடமாட்டார்கள், அப்புறம் அது எதற்கு?

என் அறையில் இன்னொருவன் இருக்கிறான். தூக்கத்திலும் பேசுவான் என்பதால் ரேடியோ என்று பேர் வைத்தோம். உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "யாருடா ஆந்தை?" என்றான். "தங்கச்சிடா. சின்ன வயசுல தூங்கவே மாட்டா. அவளுக்காகத்தான் எங்கம்மா முதல் ஆந்தையைத் தெச்சாங்க" என்றேன். "அப்போ பகல்ல கண்ணு தெரியாதே, பாவம்" என்றான். ஒரு உதை விட்டேன்.

இந்தக் கிடங்கு ஒரு ஊருக்கே கூரை போட்டது போல இருக்கும். எனக்கு லாரியிலிருந்து சரக்கு இறக்கும் வாசலில் வேலை. உள்ளே தள்ளி ஒரு மூலையில் 'அனாதை ரேக்' என்று ஒன்று இருக்கிறது. லேபிள் கிழிந்து யாருடையது என்று தெரியாத சாமானெல்லாம் அங்கே போய்ச் சேரும். நம் பெட்டி அங்கேதான் இருக்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேள். நஷ்டஈடு கொடுக்கும்வரைக்கும்தான் பெட்டி நம்முடையது. பணம் ஏறிய நிமிஷத்திலிருந்து அது கம்பெனியுடையது. அதற்கப்புறம் கிடைத்தாலும் நமக்குத் தர மாட்டார்கள், மொத்த வியாபாரிக்கு எடைக்குப் போட்டுவிடுவார்கள். பணம் ஏறுவதற்கு முன்னால் கிடைத்துவிட்டால், 'திருப்பி அனுப்பு' என்று கேட்டால் போதும், வீட்டுக்கே வந்துவிடும். அதனால் அப்பாவின் விண்ணப்பத்தை எப்படியாவது தள்ளிப்போடு.

அப்பாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதாகச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அண்ணா


ஜூலை 2

அண்ணாவுக்கு,

நலமா? இருமல் நின்றுவிட்டது. அப்பாவின் முதுகு அப்படியேதான் இருக்கிறது. நீ கேட்டதாக நான் சொல்லவில்லை. ஆனால் நேற்று தைலம் தேய்த்துவிட்டபோது, "அழுத்தித் தேய்க்க உனக்கு வரலை" என்றார். யாருக்கு வரும் என்று சொல்லவில்லை.

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். துணி பில், பஞ்சு பில், நூல் பில் எல்லாவற்றையும் என் பூகோளப் புத்தகத்தின் அட்டைக்கு உள்ளே ஒட்டிவிட்டேன். "பில்லைக் காணோம்பா" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"பில்லு எப்படிம்மா காணாமப் போகும்? காலு முளைச்சுப் போயிடுமா?"

"தெரியலப்பா. அம்மா எங்க வெச்சாங்களோ."

அம்மா பேரைச் சொன்னதும் அப்பா அப்புறம் கேட்கவில்லை. எனக்கு அது தெரிந்துதான் சொன்னேன். அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பாக வருகிறது.

ஆகஸ்ட் மூன்றாம் தேதிதான் கடைசி நாள். அதற்குள் விண்ணப்பம் போடாவிட்டால் பணமும் இல்லை. வீட்டுக்காரர் வாடகை கேட்டு இரண்டு முறை வந்து வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார். சத்தம் போடவில்லை. செருப்பைக் கழற்றாமல் நின்றார், அவ்வளவுதான். அப்பா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைத்தான் பேச விட்டார்.

சீக்கிரம் கண்டுபிடி அண்ணா. அப்பா என் புத்தகப் பையைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அதைக் காலால் மேசைக்குக் கீழே தள்ளிவிடுகிறேன்.

பயந்துபோய் இருக்கும்,
ஆந்தை


ஜூலை 15

ஆந்தைக்கு,

நீயும் அப்பாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் சௌக்கியம். கையெழுத்து மோசமாக இருந்தால், ஒரு விரலில் சின்னதாகக் கட்டுப் போட்டிருப்பதால்தான். பெட்டி ஒன்று விழுந்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, நீ கவலைப்படாதே.

அனாதை ரேக்கை நான்கு தடவை பார்த்துவிட்டேன். என்னென்னவோ இருக்கிறது. ஒற்றைச் செருப்பு நூறு இருக்கும். ஒரு சுவர்க்கடிகாரம் அட்டைப்பெட்டிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது, சரியான நேரம் காட்டுகிறது. நம் பெட்டியைக் காணவில்லை. மேல் தட்டுகளை இன்னும் பார்க்கவில்லை. அதற்கு ஏணி வேண்டும், ஏணி எடுத்தால் நாலு பேர் பார்ப்பார்கள்.

சூப்பர்வைசர் ஒருநாள் பிடித்துவிட்டார். "உனக்கு இங்க என்னடா வேலை?" என்றார். "பாத்ரூம் தேடி வந்தேன் சார்." "ரேக்குல ஏறித்தான் போவியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அம்மா ஆந்தைகளுக்கு ஏன் பட்டன் வைக்காமல் நூலிலேயே கண் போட்டாள் என்று ரேடியோ கேட்டான். குழந்தை பிய்த்து விழுங்கிவிடும் என்பதற்காக என்றேன். ஒவ்வொன்றையும் கையால் போட்டதால் பாதிக்கு மாறுகண் என்றும் சொன்னேன். வாங்கியவர்கள் கருத்துப் பகுதியில் எழுதுவார்களே, 'என் மகளின் ஆந்தை மூக்கைப் பார்க்கிறது, ஆனாலும் அவள் அதை விடுவதில்லை' என்று. அம்மா அதை உன்னை எத்தனை தடவை வாசிக்கச் சொல்லியிருப்பாள்!

பில்களைப் பத்திரமாக வைத்துக்கொள். இன்னும் கொஞ்ச நாள்தான்.

உன்,
அண்ணா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணா,

உன் விரல் ஆறியதா? முதலில் அதைக் கேட்டுவிடுகிறேன், அப்புறம் நீ இந்தக் கடிதத்தைத் தொடர்ந்து படிப்பாயோ மாட்டாயோ.

நான் விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

நேற்று பள்ளிவிட்டு வந்தபோது அம்மாவின் துணி அலமாரி திறந்திருந்தது. அம்மா போனதிலிருந்து அப்பா அதைத் தொட்டதே இல்லை. பில் தேடியிருக்கிறார். தரையெல்லாம் அம்மாவின் துணிகள். அப்பா அலமாரிக்குள் தலையை விட்டபடி மண்டி போட்டிருந்தார். தேடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தேடவில்லை. அப்படியே இருந்தார். நான் கூப்பிட்டபோது திரும்பாமலே, "இன்னும் வாசனை இருக்கும்மா" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பூகோளப் புத்தகத்தைக் கிழித்து, "இங்கதான் இருந்துச்சுப்பா" என்று நீட்டினேன். எப்படி அங்கே போனது என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விண்ணப்பத்தில் ஒரு பொம்மை செய்ய என்ன செலவு என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். துணி, பஞ்சு, நூல் எல்லாம் எழுதினேன். 'தையல் கூலி' என்று ஒரு கட்டம். அதற்கும் பில் வேண்டுமாம்.

"என்ன போடட்டும்பா?"

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ அன்றைக்கு எல்லார் முன்னாலும், "படுக்கையில இருந்தவங்களை எழுப்பித் தைக்கவெச்சே சாகடிச்சீங்க" என்றாயே, அது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"அவளுக்கு நான் எங்க கூலி குடுத்தேன்? சைபர் போடு" என்றார்.

சைபர் போட்டு அனுப்பிவிட்டேன். நீ இனிமேல் தேடாதே. அந்தப் பக்கமே போகாதே. பணம் ஏறிவிட்டால் அது கம்பெனியுடையது என்று நீதானே சொன்னாய். இதை நாளைக் காலையே போடச் சொல்கிறேன்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

தங்கை


ஆகஸ்ட் 5

ஆந்தை! ஆந்தை! ஆந்தை!

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை. கிடைத்துவிட்டது!

மேல் தட்டில், ஒரு மிதிவண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் இருந்தது. லேபிள் இருந்த பக்கம் மொத்தமும் உரிந்துவிட்டது. பச்சை டேப்பைப் பார்த்த சந்தோஷத்தில் ஏணியிலிருந்து விழுந்திருப்பேன். திறந்து பார்த்தேன். எல்லாம் ஈரம் படாமல், அடுக்கியது அடுக்கியபடி இருக்கின்றன. ஒன்றில்கூட நூல் பிரியவில்லை. முப்பத்தாறும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தன. அதாவது, பாதி பார்த்தன, மீதி மூக்கைப் பார்த்தன.

சனிக்கிழமை மொத்த வியாபாரியின் லாரி வந்து அனாதை ரேக்கை வழித்துக்கொண்டு போய்விடும். அதனால் பெட்டியைக் காலிப் பலகைகள் அடுக்கியிருக்கும் மூலைக்குக் கொண்டுபோய், பின்னால் தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போட்டு வைத்திருக்கிறேன். ஸ்கேன் செய்யவில்லை. செய்தால் அந்த ரேக்குக்கு நான் எப்படிப் போனேன் என்று கேட்பார்கள். நீ 'திருப்பி அனுப்பு' என்று கேட்டுவிடு. உத்தரவு வந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது போலக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

பணம் இன்னும் ஏறியிருக்காது. நீ எப்படியும் தள்ளிப்போட்டிருப்பாய். இந்த விஷயத்தில் உன்னைப் போலக் கெட்டிக்காரி யாரும் இல்லை.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் அப்பா என்ன செய்கிறார் என்று பார்த்து எனக்கு எழுது. முகத்தைப் பார்த்து எழுது.

சந்தோஷத்தில் தலைகால் புரியாத,
அண்ணா


ஆகஸ்ட் 14

அண்ணா,

நீ நன்றாக இருக்கிறாயா? நன்றாகத்தான் இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை இன்று கடை அக்கா கொடுத்தார். கடையிலேயே படித்தேன். "ஏன்டி, நல்ல சேதி இல்லையா? மூஞ்சி இப்படிப் போகுது" என்றார். நல்ல சேதிதான் என்றேன்.

பணம் ஏழாம் தேதியே ஏறிவிட்டது. வீட்டுக்காரரிடம் அப்பா கொடுத்தும்விட்டார். இருந்தாலும் 'திருப்பி அனுப்பு' என்று கேட்டுப் பார்த்தேன். 'இப்பொருளுக்கு ஈடு வழங்கப்பட்டுவிட்டது. இது உங்கள் இருப்பில் இல்லை' என்று வருகிறது. மறுபடி கேட்டேன். மறுபடி அதே வரி.

நான் மூன்றாம் தேதி எழுதியது உனக்குக் கிடைத்ததா? கிடைத்திருந்தால் பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்திருப்பாய். கிடைக்காமல் இருந்தால் இதைப் படித்த உடனே கொண்டுபோய் வைத்துவிடு. எனக்கு ஆந்தை வேண்டாம். ஒன்றுகூட வேண்டாம். பெட்டி போகிற இடத்துக்குப் போகட்டும். நீ மட்டும் அந்தச் சாக்குப் பக்கம் நிற்காதே.

உடனே இரண்டு வரி எழுது.

ஆந்தை


செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நான் நலம், அப்பா நலம். உன் நலம் தெரியவில்லை.

ஒவ்வொரு நாளும் கடை அக்கா என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தலையை ஆட்டிவிடுகிறார். இன்று ஆட்டாமல் நின்றார், ஓடினேன். "இல்லடி, கழுத்து வலி, அதான் ஆட்டலை" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம், அப்புறம் நான் அழுதுவிட்டேன்.

என் மேல் கோபமாக இருந்தால் கோபம் என்று எழுது. நான் தாங்கிக்கொள்வேன். ஒன்றும் எழுதாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆந்தை


செப்டம்பர் 24

தங்கச்சிக்கு,

நீ சுகமா இருக்கணும். நான் உங்க அண்ணனோட அறையில இருக்கிறவன், ரேடியோ. எனக்குப் பேசத்தான் வரும், எழுத வராது. அதனால பேசற மாதிரியே எழுதறேன், தப்பா நினைக்காதே. ஆகஸ்ட்லேர்ந்து நீ எழுதின கடுதாசி மூணும் இங்க வந்து சேர்ந்துச்சு. முதல் ஒன்னை மட்டும் அவன் படிச்சான். மத்த ரெண்டும் அவன் போன பிறகு வந்துச்சு. உன்னைக் காக்க வைக்கக் கூடாதுன்னுதான் பிரிச்சேன், மன்னிச்சுக்கோ.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி கிடங்குல திடீர்னு சரக்கு சரிபார்த்தாங்க. பலகைக்குப் பின்னால சாக்கு மூடின பெட்டி கெடைச்சுது. கேமராவுல பாத்தாங்க, அவன் ஒளிச்சு வெச்சது தெரிஞ்சுது. உள்ள இருந்த பொம்மையை வெச்சுக் கணக்கைப் பாத்துட்டு, ரெண்டு நாள் முன்னாடியே அதுக்குப் பணம் குடுத்தாச்சு, அது கம்பெனி சரக்குன்னாங்க. அதை அனுப்பினவரு அவனோட அப்பான்னு அவங்களுக்குத் தெரியாது. உன் கடுதாசி பதினொன்னாம் தேதி வந்துச்சு. அவன் அதைப் படிச்சுட்டு மடிச்சு சட்டைப்பையில வெச்சுக்கிட்டான்.

விசாரணையில, ஏன் ஒளிச்சேன்னு கேட்டிருக்காங்க. 'வெளிய வித்துக் காசு பண்ண ஆசைப்பட்டேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஏண்டா, எங்கம்மா தெச்சதுன்னு சொல்ல வாயில்லையா?"ன்னு கேட்டேன். அவன் சொன்னான், "எங்க வீட்டுப் பெட்டின்னு சொன்னா, பணத்தையும் வாங்கிக்கிட்டுப் பையனை வெச்சு சரக்கையும் அமுக்கப் பாத்தாங்கன்னு அப்பா மேல பழி விழும். அப்பா மத்த சாமான் விக்கிற கணக்கையே மூடிடுவாங்க. அப்புறம் தங்கச்சி எதைச் சாப்பிடுவா?"

போலீசுக்குப் போகலை, வேலையை விட்டு எடுத்துட்டாங்க. மாசச் சம்பளத்தையும் பிடிச்சுக்கிட்டாங்க. திருட்டுன்னு பேரு பதிஞ்சுட்டதால இந்த ஊர்ல எந்தக் கிடங்கும் அவனைச் சேர்க்காது. ஒருநாள் காலையில பையைத் தூக்கிக்கிட்டான். எங்க போறேன்னு அவனுக்கே தெரியலை. போறதுக்கு முன்னாடி, "ஆந்தைக்கு எழுதாதே, பரீட்சை நேரம்"னு சொன்னான். நான் எழுதிட்டேன். என் வாய் அப்படி.

அறை ரொம்ப அமைதியா இருக்கு தங்கச்சி.

ரேடியோ


அக்டோபர் 20

என் ஆந்தைக்கு,

நலமாக இருக்கிறாயா? பரீட்சை எப்படிப் போயிற்று? பூகோளத்தில் மட்டும் மார்க் குறைந்தால் காரணம் எனக்குத் தெரியும், திட்ட மாட்டேன்.

வேலையை மாற்றிக்கொண்டேன். காற்றோட்டமான வேலை. லாரியோடு ஊர் ஊராகப் போவதால் விலாசம் என்று ஒன்று இல்லை. ரேடியோ ஏதாவது எழுதியிருந்தால் அதில் பாதியை மட்டும் நம்பு, அவன் எதையும் பெரிதாக்கிச் சொல்வான்.

உன் கடிதம் கிடைத்தது. நீ செய்தது சரி. அலமாரிக்குள் அப்பா அப்படி இருந்ததைப் பார்த்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆந்தைகள் போனதை நான் பார்த்தேன். கணக்கு முடிக்கப் போன அன்று மொத்த வியாபாரியின் லாரி நின்றிருந்தது. சூப்பர்வைசரிடம், பிடித்த சம்பளத்துக்குப் பதிலாக அந்தப் பெட்டியைக் கொடுங்கள் என்று கேட்டேன். "திருடின சரக்கைத் திருடினவனுக்கே விக்கச் சொல்றியா? நல்லா இருக்குடா கதை" என்றார். கெட்டவர் இல்லை, அவர் பயம் அவருக்கு. பெட்டியைத் தராசில் வைத்தார்கள். பஞ்சுதானே, எடையே இல்லை. லாரி டிரைவர் ஒன்றை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்துக்கொண்டார். அது மூக்கைப் பார்த்துக்கொண்டே போயிற்று.

அதற்கு முன்னால், பெட்டி நாலு நாள் என் பொறுப்பில் இருந்ததே, அப்போது ஒன்றை எடுத்திருக்கலாம். இடுப்பில் செருகினால் தெரியாது. உனக்காக எடுக்கக் கை போனது. எடுக்கவில்லை. கையெழுத்து எதில் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம் ஆந்தை, நான் எதையும் எடுக்கவில்லை. அது உனக்குத் தெரிந்தால் போதும்.

விலாசம் தந்தால் நீ 'வா' என்று எழுதுவாய். வந்துவிடுவேன். இந்தப் பேரோடு அப்பா முன்னால் எப்படி நிற்பது? அதனால் தரவில்லை.

தூங்கு. நிஜமாகவே தூங்கு.

அண்ணா


நவம்பர் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

எங்கே இருக்கிறாயோ, அங்கே சாப்பிட்டுவிட்டு இருக்க வேண்டும். சாப்பிட்டேன் என்று எழுதிவிட்டுச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது.

இதை விளக்கைப் போட்டுக்கொண்டு, மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா பக்கத்தில் இருக்கிறார்.

ரேடியோ எழுதியதையும் நீ எழுதியதையும் நேற்று அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து, "கம்ப்யூட்டரைப் போடு" என்றார். "பணத்தைத் திருப்பி அனுப்பு. முழுசா. அவங்க காசு வேண்டாம்னு சொல்லு." ஒவ்வொரு பக்கமாகத் தேடினோம். பணம் கேட்பதற்குத்தான் இடம் இருக்கிறது, திருப்பிக் கொடுக்க இடமே இல்லை. உதவி மையத்துக்கு எழுதினேன். 'தங்கள் கோரிக்கை ஏற்கெனவே வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்று பதில் வந்தது. அப்பா அதை உரக்கப் படித்தார்.

"நான் நேர்ல போறேன். அவன் என் பையன், அது அவங்கம்மா தெச்சது, அவன் திருடலைன்னு சொல்றேன்."

"சொன்னா நம்ம மேல பழி வரும்னுதாம்பா அவன் அப்படி எழுதிக் குடுத்தான். நீங்க போனா அவன் செஞ்சது வீணாப் போயிடும்."

"அப்போ நான் ஒன்னுமே செய்ய முடியாதா?"

"முடியாதுப்பா."

அப்பா உட்கார்ந்துவிட்டார். அப்போதே மீதியையும் சொல்லிவிட்டேன். தேடச் சொன்னது நான், பில்லை ஒளித்தது நான், உன்னைத் தேடவிட்டு விண்ணப்பத்தையும் அனுப்பியது நான். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

"பொம்மையெல்லாம் நனையாம நல்லா இருந்துச்சான்னு எழுதியிருந்தானா?" என்றார்.

ஆகஸ்டில் நீ எழுதியதை எடுத்து வந்து அந்த இடத்தைப் படித்தேன். அடுக்கியது அடுக்கியபடி, ஒன்றில்கூட நூல் பிரியாமல் இருந்தன என்ற இடத்தை. மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு அவர் பேசினார், நான் கேட்காமலே. "ஒன்னே ஒன்னு வீட்டுல இருந்தாலும் என்னால இங்க இருந்திருக்க முடியாதும்மா. அதான் எல்லாத்தையும் அனுப்பினேன். அவன் பையில இருந்ததையும் அதுக்குத்தான் எடுத்தேன். அவனை அந்த வார்த்தை சொன்னதுக்கு மட்டும் ஒரு காரணமும் இல்லை."

உன்னிடம் அதைச் சொல்லச் சொன்னார். நீங்களே எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்தேன். வாங்கி வெகுநேரம் வைத்திருந்துவிட்டு, "நீயே எழுது, உன் கையெழுத்துதான் அவனுக்குப் புரியும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நீ ஒரு இடத்தில்கூட என்னைக் குறை சொல்லவில்லை அண்ணா. ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம்.

உறையில் உன் பேரை எழுதிவிட்டேன். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ரேடியோவின் கடிதம் வந்ததுமே அவரிடம் கேட்டு எழுதியிருந்தேன், அவருக்கும் தெரியாதாம். நீ எந்த ஊரிலிருந்தாவது ஒரு வரி போட்டால் அன்றைக்கே இதை அனுப்பிவிடலாம் என்று அப்பா சொல்கிறார். தபால்தலையைக்கூட அவரே நாக்கில் ஈரப்படுத்தி ஒட்டிவிட்டார். ஒட்டிவிட்டு, உறையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு தூரம்னு தெரியலையேம்மா. எதுக்கும் இன்னொன்னு ஒட்டிடு" என்றார்.

ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பாவும் ஆந்தையும்